துரைக்கு ஏற்ற கூட்டாளிகள்

ஜூலை 7, திங்கள்

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று. கிளினிக் வாசலைக் கூட்டி முடிக்குமுன் மறுபடி புழுதி.

டொக்டர் சனிக்கிழமை வாங்கி விட்ட பன்னிரண்டு கப்பி மீன்களில் கடைசியும் போயிற்று. துரையின் வாயில் வால் மட்டும் வெளியே. பல் பிடுங்க வந்த சின்னப் பிள்ளை அதைக் கண்டு அழ, பக்கத்துப் பிள்ளையும் அழ, இரண்டு பேருமே வாய் திறக்க மறுத்துவிட்டார்கள்.

துரை ஒஸ்கார் மீன். ஓரடி நீளம், கறுப்பில் செம்மஞ்சள். நோயாளிகள் காத்திருக்கும் அறையில், ஆறடித் தொட்டியில், இரண்டு வருடமாகத் தனி ஆட்சி. தீனி போடுவதும் தண்ணீர் மாற்றுவதும் நான். பெயர் பதிவதோடு இதுவும் என் வேலை.

டொக்டர் கூப்பிட்டார். “சுதா, பிள்ளையளுக்குப் பயம் போகட்டும் எண்டுதான் மீன் வச்சனான். இது பயம் காட்டுது. பதினைஞ்சு நாள் தாறன். கூட்டத்தோட இருக்கப் பழகாட்டி, இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற அந்த ஹோட்டல்காரருக்குக் குடுத்திடுவன்.”

ஹோட்டல் குளத்தில் ஆமைகள். துரை அங்கே ஒரு கிழமை தாங்க மாட்டான்.

போன வருடம் அப்பா செத்த பிறகு வேலைக்குத் திரும்பிய நாட்கள். யாரோடும் கதைக்கப் பிடிக்கவில்லை. மத்தியானச் சோற்றைத் தொட்டிக்கு முன்னால் கதிரை போட்டுத்தான் சாப்பிட்டேன். அவனும் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பான். இதையெல்லாம் டொக்டரிடம் சொல்ல முடியுமா?

ஜூலை 9, புதன்

அரைநாள் லீவு. பஸ்ஸில் கிண்ணியா. ரிசானா ராத்தா முற்றத்துச் சீமெந்துத் தொட்டிகளில் வண்ண மீன் வளர்த்து விற்பவர். துரைக்கு ஜோடியாக இன்னொரு ஒஸ்கார் கேட்டேன். சிரித்தார். முதலில் தொட்டியின் நீளம் கேட்டார், அடுத்தது துரையின் வாய் எவ்வளவு அகலம் என்று.

அவர் சொன்னது:
– வாய்க்குள் போகிற அளவென்றால் அது இரை. கப்பி, இறால், கதையே வேண்டாம்.
– அவனைப் போல சண்டைக்காரன்: கூடாது. இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும்.
– தங்கமீன்: மெதுவாக நீந்தும். பாவம்.
– சரிவருவது: பெரிதாக, வேகமாக, சண்டைக்குப் போகாதது.

சில்வர் டொலர் காட்டினார். உள்ளங்கை அளவு, வெள்ளித் தட்டு மாதிரி. இரண்டு போதுமா என்று கேட்டேன்.

“ஒண்டு ரெண்டு எண்டா அதையே துரத்திக் கொல்லுவான், தங்கச்சி. ஆறு எண்டா ஆரைத் துரத்துறதெண்டு அவனுக்கே விளங்காது.”

ஒரு கிழமை புறம்பாக வைத்து, நோய் இல்லையென்று பார்த்துத் தருவாராம். திரும்பும்போது பஸ்ஸில் நின்றபடி. செருப்பு வார் அறுந்தது.

ஜூலை 17, வியாழன்

ராத்தா சொன்னபடி தொட்டிக் கற்களை இடம் மாற்றினேன். பழைய மூலையே தெரியாவிட்டால் அதற்காகச் சண்டை பிடிக்க மாட்டானாம். முழங்கை வரை பாசி மணம். துரை என் விரலை இரண்டு தரம் கடித்தான்.

ஜூலை 18, வெள்ளி

காலையில் கதவைத் திறந்தால் துரை அடியில் சரிந்து கிடக்கிறான். ஒரு பக்கமாக. கூப்பிட்டேன், அசைவில்லை. உபகரணம் அவிக்கும் அறைக்குள் போய் அழுதேன்.

ராத்தாவுக்கு போன். மூச்சு விடுகிறானா என்று கேட்டார். ஓம், செவுள் அசைகிறது.

“அப்ப சாகல்ல. வீட்டைக் குழப்பிப் போட்டீங்க எண்டு கோவம். ஆரும் கிட்டப் போகாதீங்க.”

கோபம் வந்தால் ஒஸ்கார் அப்படித்தான் படுக்குமாம். டொக்டர் வெள்ளைத் துணி கொண்டுவந்து தொட்டியை மூடினார். வந்தவர்களிடமெல்லாம் மெதுவாகக் கதைக்கச் சொன்னார். பின்னேரம் பார்த்தால் நிமிர்ந்து நிற்கிறான். பசியோடு.

ஜூலை 20, ஞாயிறு

கிளினிக் பூட்டு. ராத்தா தானே பொலித்தீன் பைகளோடு வந்தார். நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டு வைத்து மறிக்க வேண்டும், அளவு சரிவரவில்லை. டொக்டர் பொய்ப்பல் ராவுகிற மெஷினால் ராவித் தந்தார். ஒரு பக்கம் துரை, மறுபக்கம் ஆறு பேர். பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

ஜூலை 23, புதன்

வயிறு நிறையத் தீனி போட்டு, தட்டை எடுத்தேன்.

பாய்ந்தான். ஆறும் ஆறு பக்கம். இதைத் துரத்த அது குறுக்கே வரும், அதைத் துரத்த இன்னொன்று. ஒன்றின் வால் நுனி கிழிந்தது. டொக்டர் ஒரு அம்மாவை வாய் திறந்தபடியே விட்டுவிட்டுக் கையுறையோடு ஓடி வந்தார். நிற்கட்டும், எடுக்காதே என்றார். அரை மணித்தியாலம். துரைக்குத்தான் களைத்தது. புது மூலையில் போய் நின்றான். ஆறும் அவன் தலைக்கு மேலே, ஒன்றாக.

கொடுத்த தவணை நேற்றோடு முடிந்ததை அப்போதுதான் நினைத்தேன். டொக்டர் கையுறையை மாற்றிக்கொண்டு அந்த அம்மாவிடம் திரும்பிப் போனார்.

ஜூலை 25, வெள்ளி

கிழிந்த வால் ஆறுகிறது. இன்று ஏழு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டார்கள். மூன்று பிள்ளைகள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, பெயர் கூப்பிட்டும் வரவில்லை.

ஹோட்டல்காரர் போன் எடுத்தார், மீன் எப்போது வருகிறது என்று. போனை டொக்டரிடம் நீட்டினேன்.

“குடுக்க ஏலாது ஐயா. அவர் இஞ்ச வேலை செய்யிறவர்.”

போனை வைத்துவிட்டு, அடுத்த ஆளை அனுப்பச் சொன்னார்.