மணவறை இழுக்க ஒரு பிக்கப்

28 ஏப்ரல் 2025, திங்கள்

எழுந்ததும் முதலில் சன்னலைத் திறந்து கீழே பார்க்கிங்கைப் பார்த்தேன். எங்கள் வான் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. பன்னிரண்டு வருடம் ஓடியது. எஞ்சின் முடிந்துவிட்டது, இனிப் பழைய இரும்புதான் என்று தவரத்தினம் அண்ணை கையை விரித்துவிட்டார். சனிக்கிழமை இழுத்துக்கொண்டு போனார்கள்.

வானின் பின்னால் பூட்டி இழுத்த ரெமோர்க் பெட்டி தனியாக நிற்கிறது. அதற்குள்தான் மணவறை முழுவதும்: கழற்றிக் கட்டிய தூண்கள், இரண்டு பெரிய கதிரைகள், பட்டுத் திரைகள், குத்துவிளக்குகள். குகதாசனுக்கு வாரநாட்களில் பாரிஸ் லா ஷப்பலில் மரக்கறிக் கடையில் வேலை. வார இறுதிகளில் அவரும் நானும் மகள் சாம்பவியும் கலியாண மண்டபங்களுக்குப் போய் மணவறை கட்டுவோம். ஜூன் 14ஆம் திகதி ஒரு கலியாணம் ஒப்புக்கொண்டிருக்கிறோம். ரெமோர்க்கை இழுக்க ஏதாவது வேண்டும். விடிய நாலரைக்கு வில்லியே லே பெல்லில் இருந்து கடைக்குப் போக அவருக்கும் ஏதாவது வேண்டும்.

தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "திருப்பி வான் வேண்டாம் கோசலை. பழைய பிக்கப் ஒண்டு பாப்பம். நாலு கதவு வைச்ச டபிள் கப். வேலைக்கும் போகலாம், ரெமோர்க்கும் இழுக்கும், பிள்ளையும் பின்னாலை வசதியா இருக்கலாம். நீர் என்ன சொல்லுறீர்?"

ஓம் என்றேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்.

30 ஏப்ரல், புதன்

இரண்டு நாளாக வீதியில் போகும் பிக்கப் எல்லாம் கண்ணில் படுகிறது. இவ்வளவு காலமும் இவை எங்கே இருந்தன? கட்டட வேலைக்காரர்களின் வண்டிகள். பத்தில் எட்டு வெள்ளை.

3 மே, சனி

முதல் வண்டி. கிரேய் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் நின்றது. வெள்ளை. தவரத்தினம் அண்ணை கராஜ்காரர், குகதாசனுக்குச் சொந்த அண்ணன் மாதிரி. தன் காரிலேயே கூட்டிக்கொண்டு போனார். மட்டையை விரித்து வண்டியின் கீழே படுத்தார். குகதாசன் ரெமோர்க் பூட்டும் கொக்கியைத் தடவிப் பார்த்தார். நான் கிட்டப் போகவில்லை. பின்பக்கம்தான் முதலில் தெரிந்தது. திறந்த பெட்டி, கீழே மடியும் தட்டுக் கதவு. பெட்டி வெறுமையாகத்தான் இருந்திருக்கும். இருந்தும் நான் அதற்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவில்லை.

"துருப் பிடிச்சிருக்கு" என்றேன்.

"எங்கை தங்கச்சி துரு?" கீழே இருந்து அண்ணையின் குரல். "நான் படுத்துப் பாக்கிறன், எனக்குத் தெரியேல்லை. நீங்கள் இருபதடி தள்ளி நிண்டு துருவைக் காணுறீங்கள். உங்களைத்தான் வாகனப் பரிசோதனைக்கு வேலைக்கு வைக்கோணும்."

விற்க வந்தவன்கூடச் சிரித்தான், பாஷை விளங்காமலே.

தவரத்தினம் அண்ணை எப்போதும் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்க முடியவில்லை.

6 மே, செவ்வாய்

எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகம் ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் இரண்டாம் மாடி. பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, அகதி விண்ணப்பம். பதினொரு வருடமாக அடுத்தவர்களின் கதையைப் பிரெஞ்சில் எழுதுகிறேன்.

இன்று யசோதா என்றொரு பிள்ளை வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். சின்ன வயதில் அப்பாவைக் கொண்டு போனார்களாம். வந்த வாகனம் என்ன நிறம் என்று கேட்டேன்.

"ஞாபகம் இல்லை அக்கா. எந்த நிறம் எண்டு எழுதினால் நல்லம்?"

ஞாபகம் இல்லாததை இல்லை என்றே எழுதுவோம் என்றேன். அவள் தலையாட்டினாள். அதன் பிறகு ஒரு மணி நேரம் என்னால் ஒரு வரி தட்ட முடியவில்லை. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

8 மே, வியாழன்

இரண்டாவது வண்டி. அதுவும் வெள்ளை. பாரிஸுக்குள் விடுவதற்கான புகைத் தர ஸ்டிக்கர், அந்த வினியெத், இதற்குச் சரிவராது என்றேன். சாம்பவி போனில் பார்த்துவிட்டுச் சரிவரும் என்றாள்.

11 மே, ஞாயிறு

மூன்றாவதையும் தட்டிக் கழித்தேன். இருக்கை உயரம் போதாதென்று சொன்னேன் போல, என்ன சொன்னேன் என்றே நினைவில்லை.

வான் போன நாளிலிருந்து குகதாசன் இரவு பஸ்ஸில் வேலைக்குப் போகிறார். மூன்று மணிக்கே எழும்ப வேண்டும். இடம் கிடைக்காத நாட்களில் நின்றுகொண்டு. இன்று பின்னேரம் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், வலது முழங்கால் வீங்கியிருந்தது. ஐஸ் வைத்துவிட்டேன். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சாம்பவிதான் கேட்டாள், பிரெஞ்சில். உனக்கு வண்டி பிடிக்கவில்லையா, அப்பாவைப் பிடிக்கவில்லையா, மமோ? பதினாறு வயது. பகிடியாகத்தான் கேட்டாள். குகதாசன் கண்ணைத் திறக்காமல் தமிழில் சொன்னார்: "கொம்மா உனக்கு மாப்பிள்ளை பாக்கிற மாதிரி வண்டி பாக்கிறா. ஒண்டும் அமையுதில்லை."

சிரித்தோம். நானும் சிரித்தேன்.

15 மே, வியாழன்

அலுவலகம். மதிய இடைவேளை. எல்லோரும் சாப்பிடக் கீழே போய்விட்டார்கள். ஒருதரமாவது இதை எழுதிப் பார்க்க வேண்டும்.

2006 மார்கழி. எனக்கு இருபத்து மூன்று வயது, யாழ்ப்பாணத்தில் கம்பஸ் மூன்றாம் வருடம். சின்னப் பிள்ளை இல்லை. அந்த நாட்களில் ஒருத்தருக்கும் ஒன்றும் சொல்லக்கூடாது என்று தெரியாத வயது இல்லை.

காலை ஒன்பது மணி. சைக்கிளில் ஒழுங்கை முகப்புக்கு வந்தேன். ஒரு வெள்ளை டபிள் கப் நின்றது. பின் பெட்டியில் ஒரு தண்ணீர் இறைப்பு மெசின், கயிறு போட்டுக் கட்டியபடி. என் அண்ணா சேந்தன் மெசின் திருத்துகிறவர். தோட்டக்காரர்கள் ட்ராக்டரிலும் லான்ட்மாஸ்டரிலும் பிக்கப்பிலும் மெசின் ஏற்றிக்கொண்டு தினமும் வருவார்கள். வழி காட்டுவது எனக்குப் பழக்கம்.

முன் இருக்கையில் இருந்தவன் கண்ணாடியை இறக்கினான். நல்ல தமிழ். "தங்கச்சி, மெசின் திருத்திற சேந்தன்ரை வீடு எது?"

நான் மெசினைப் பார்த்தேன். அவனைப் பார்க்கவில்லை. கையை நீட்டி நீலக் கேற்றைக் காட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். "அண்ணா வீட்டிலைதான் நிக்கிறார்" என்றும் சொன்னேன்.

ஏன் சொன்னனான்? கேட்டவங்களா? கேக்கேல்லை. நானாச் சொன்னனான். வெய்யிலுக்கை வந்து நிக்கினம், திரும்பிப் போகக்கூடாது எண்டு.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது மெசின் முற்றத்தில் கிடந்தது. அவர்கள் இறக்கி வைத்துவிட்டு அண்ணாவை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அம்மா அந்த மெசினைக் கடைசிவரை யாரையும் தொட விடவில்லை. யார் வீட்டைக் காட்டியது என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தா. அம்மாவும் போய் நாலு வருடமாகிவிட்டது.

ஆட்கள் வருகிறார்கள். நிறுத்துகிறேன்.

16 மே, வெள்ளி

மீதியையும் எழுதிவிடுகிறேன். 2007இல் இங்கே வந்தபோது, அகதிக் கேஸ் எழுதித் தருகிறவர் ஒருவர் லா ஷப்பலில் ஒரு கடைக்கு மேலே இருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"பிள்ளை, நீர் காட்டினதெண்டு எழுதேலாது. பகல், வெள்ளை வாகனம், சிவில் உடுப்பு... ஆரெண்டு கேப்பினம். பச்சை ஆமி ட்ரக் எண்டு போடுவம். இரவு. நீர் அறைக்குள்ளை நிண்டு சன்னலாலை பாத்தது."

தலையாட்டினேன். அந்தக் கதையைப் பாடமாக்கினேன், விசாரணையில் சொன்னேன், அழுதேன். அழுகை உண்மை. அடுத்த வருடம் குகதாசன் கலியாணம் பேசி வந்தபோது அண்ணாவைப் பற்றிக் கேட்டார். பதிலுக்கு என் அகதிக் கேஸ் டொசியேயின் பிரதியைக் கொடுத்தேன். ஒரு முழுப் பின்னேரமும் வைத்திருந்து வாசித்தார். திருப்பித் தரும்போது, இனி இதைப் பற்றி நான் உம்மட்டைக் கேக்கமாட்டன் என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

இங்கே எத்தனை பேர் இப்படி? டொசியேயில் இருப்பதே பிறகு வீட்டுக் கதையாகிவிடுகிறது. பிள்ளைகளுக்கும் அதுதான் தெரியும்.

20 மே, செவ்வாய்

குகதாசன் ஒன்றைத் தீர்மானித்துவிட்டார். மோ நகர்ப் பக்கம். நாலு கதவு, கொக்கி பூட்டியது, பரிசோதனை முடிந்தது. படத்தைக் காட்டினார். வெள்ளை.

"உமக்கு வேறை ஏதும் குறை தெரிஞ்சால் இப்பவே சொல்லும். சனிக்கிழமை 31ஆம் திகதி பத்து மணிக்குப் போய்க் கையெழுத்து வைக்கப்போறன். அப்ப கலியாணத்துக்கு ரெண்டு கிழமைதான் கிடக்கும்."

குறை ஒன்றும் இல்லை என்றேன்.

22 மே, வியாழன்

கனவு. எங்கள் வில்லியே லே பெல் பார்க்கிங். ரெமோர்க்குக்கு முன்னால் அந்த வண்டி. கண்ணாடி இறங்குகிறது. உள்ளே யாரென்று பார்ப்பதற்குள் என் கை தானாக நீள்கிறது, எங்கள் வீட்டுச் சன்னலை நோக்கி.

24 மே, சனி

ஆள் குறைவென்று இன்று சனிக்கிழமையும் குகதாசனைக் கடைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்; சாப்பாடு கொடுக்கப் போனேன். அவர் பின்னால் சாமான் இறக்கிக்கொண்டிருந்தார். தவரத்தினம் அண்ணை வாசலில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றார்.

"வாங்கோ வாகனப் பரிசோதகர்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மோவிலை நிக்கிற வண்டி பிழையில்லை தங்கச்சி. ஆனா எனக்கு மனவருத்தம். நாங்கள் ரெண்டு பேரும் போன கிழமை பொவே பக்கம் ஒண்டு பாத்தனாங்கள். ழாக் எண்டு ஒரு கிழவன், தோட்ட வேலை செய்து ஓய்வெடுத்தவர். வண்டியைப் பிள்ளை மாதிரி வைச்சிருக்கிறார். ரெமோர்க் நிறையச் சாமானோடை மேட்டிலை இழுக்கும். குகன் பத்து நிமிசம் அதைச் சுத்திச் சுத்தி வந்தவன். பிறகு வேண்டாம் எண்டிட்டான்."

"ஏன்?"

"அது கடும் பச்சை. 'அவள் பச்சைக்குப் பயப்பிடுவாள் அண்ணை. ஒவ்வொரு நாளும் வாசலிலை கொண்டுவந்து நிப்பாட்டேலாது' எண்டான். நான் சொன்னனெண்டு சொல்லிப்போடாதேங்கோ."

உள்ளே இருந்து குகதாசன் வந்தார், தோளில் வெங்காய மூட்டை. வலது காலை இழுத்துத்தான் நடக்கிறார். "என்ன ரெண்டு பேரும் ரகசியம்?"

முருங்கைக்காய் முத்தல் என்றேன்.

25 மே, ஞாயிறு

நேற்றிலிருந்து ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. மணவறைக்குப் பச்சைத் திரை வாங்கலாம் என்று நான் சொன்னபோதெல்லாம், ஆட்கள் விரும்புவதில்லை என்றார். சாம்பவிக்கு யாரோ கொடுத்த பச்சை மழைக்கோட்டு ஒரே வாரத்தில் காணாமல் போனது. பாரிஸின் குப்பை லொறிகள் பச்சை. அவை வரும்போது என் தோளில் கை வைத்து மற்றப் பக்கம் திருப்பி நடத்துவார். குப்பை மணத்துக்காக என்று நினைத்திருந்தேன்.

பதினேழு வருசம். யாரோ ஒருத்தன் கடைக்கு மேலை இருந்து யோசிச்சுப் போட்ட நிறத்திலை இருந்து இந்த மனுசன் என்னைக் காப்பாத்திக்கொண்டு திரிஞ்சிருக்கிறார். பச்சைக்கு நான் ஒருநாளும் பயப்பிட்டதில்லை. வெள்ளையை வாசலுக்குக் கொண்டுவரப் போறார் — எனக்காக.

சொன்னால் என்ன நடக்கும்? தன் தமையனைக் காட்டிக் கொடுத்தவள் என்று பார்ப்பாரா? அதற்கு என்னைத் தயார்படுத்திப் பல வருடமாகிறது. இப்போது பயம் வேறு. அந்தக் கையைத் தோளில் வைத்த ஒவ்வொரு தடவையும் ஒரு பொய்க்காக என்று அவருக்கு நினைவு வருமே. அதை எப்படித் தாங்குவார்?

27 மே, செவ்வாய்

யசோதாவின் விண்ணப்பத்தை முடித்து அனுப்பினோம். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடும்போது கேட்டாள்: "அக்கா, நிறம் ஞாபகம் இல்லையெண்டு போட்டதாலை நம்பமாட்டினமோ?"

தெரியாது என்றேன். அதுதான் உண்மை.

30 மே, வெள்ளி

ஐந்து மணி. அலுவலகத்தில் நான் மட்டும்.

மதியம் குகதாசன் போன் செய்தார். நாளைக்கு வேண்டிய கடதாசிகள் எல்லாம் எடுத்தாயிற்றாம். கடையில் இன்று ஆள் இல்லை, ஆறு மணிவரை நிற்கிறார். கார் து நோர் ரயில் நிலையத்தில் சந்தித்துச் சேர்ந்து போவோம் என்றார். குரலில் சந்தோஷம். "நாளையிலை இருந்து உமக்கும் ரயில் தேவையில்லை. காலமை நேரத்தோடை எழும்பினால் என்னோடையே வரலாம்."

பேசாமல் இருந்தால் என்ன? பழகிவிடும் என்று பல நாள் எண்ணிப் பார்த்தேன். வெள்ளை டபிள் கப்பில் கடைக்குப் போவேன், கலியாணத்துக்குப் போவேன், பின் இருக்கையில் சாம்பவி பாட்டுப் போடுவாள். முடியும். இவ்வளவு காலமும் முடிந்ததுதானே. ஆனால் அதில் ஏறும் ஒவ்வொரு தடவையும் அவர் என் முகத்தைப் பார்ப்பார், பச்சை இல்லாததால் நான் நிம்மதியாக இருக்கிறேன் என்று. அந்த நிம்மதியை நான் நடிக்க வேண்டும். அதுதான் என்னால் முடியாது.

வில்லியே லே பெல் நிலையத்தில் இறங்கி எப்போதும் பஸ்தான்; வீட்டுக்கு நடந்தால் முக்கால் மணி நேரம். அவருடைய முழங்காலுக்கு அது கூடாது, தெரியும். மெல்ல நடக்கலாம். நடுவில் உட்கார வாங்குகள் இருக்கின்றன. வீட்டில் சாம்பவி இருப்பாள், ரயிலில் ஆட்கள். நடக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை.

அந்த வெள்ளை வண்டியின் கதையைக் கேட்ட பிறகு என்னோடு நடப்பாரா, விலகி முன்னுக்குப் போவாரா, தெரியாது. இன்றைக்கு நாங்கள் பஸ் எடுப்பதில்லை.