விருப்பப் பாடம்

ஃப்ரீமான்ட்,
22 பிப்ரவரி 1998

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் நம் பெண் ரோஷினியும் சுகமாக இருக்கிறோம். டல்லாஸில் குளிர் விட்டதா? இன்னமும் பிரெட்டும் ஊறுகாயும்தான் சாப்பாடா? போனில் எதைச் சொன்னாலும் "சரி மணி, சரி மணி" என்று முடித்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் கணக்கு நடத்தும் யூதப் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடுத்த வருடத்து விருப்பப் பாடங்களை முடிவு செய்கிறார்கள். யூதச் சட்டமும் மருத்துவமும், ஹீப்ருக் கவிதை, நாடகம், உளவியல் என்று வரிசையாக இருக்கும். பிடித்ததைப் பிள்ளைகளே எடுத்துக்கொள்ளலாம். இந்த முறை நானும் ஒன்று கொடுத்திருக்கிறேன்: எண் கோட்பாடு. கோயம்புத்தூரில் எம்.எஸ்ஸி. படித்தபோது நான் சோறு தண்ணீர் மறந்து படித்தது அது ஒன்றைத்தான். மறுபடி கையில் எடுக்கப்போகிறேன் என்று நினைத்தாலே தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

சேர்ந்த புதிதில் இங்கே நான் அடித்த கூத்தைச் சொன்னேனா? ஓர் அறையில் இரண்டு பையன்கள் ஒரே புத்தகத்தை நடுவில் வைத்து மேஜையைத் தட்டித் தட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். சண்டை என்று நினைத்து ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்துவிட்டேன். பிரின்சிபல் மிரியம் வந்து பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "மணி, அவங்க படிச்சிட்டிருந்தாங்க!" தங்கள் மறைநூலை இவர்கள் இரண்டிரண்டு பேராகத்தான் படிப்பார்களாம். எதிரில் இருப்பவன் சொல்வதை மறுத்துப் பேசுவதுதான் அவனுக்குத் தரும் மரியாதையாம். நம் வகுப்பில் வாயைத் திறந்தாலே முட்டி போட வைப்பார்களே!

உங்கள்
மணி


ரிச்சர்ட்சன் (டல்லாஸ்), டெக்சாஸ்,
1 மார்ச் 1998

அன்பு மணிக்கு,

பிரெட் அலுத்து இப்போது நூடுல்ஸில் இருக்கிறேன். நீ பையன்களைப் பிரித்து உட்கார வைத்ததைப் படித்து ஆபீசிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

விருப்பப் பாடம் என்றால் நம் காலத்துத் தையல் கிளாஸ் மாதிரிதானே? இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அதற்குப் போய் இத்தனை மெனக்கெடுகிறாயே! உடம்பைப் பார்த்துக்கொள்.

இங்கே எனக்கு நிரந்தர வேலையே தந்துவிடுவார்கள் போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி வருகிறேன். மற்றதெல்லாம் நேரில்.

அன்புடன்
சேனாபதி


ஃப்ரீமான்ட்,
24 மார்ச் 1998

மாமா,

இன்று காலை பட்டியலை ஒட்டினார்கள். அதில் என் பாடம் இல்லை.

நோவா என்று ஒரு பெண். எண் கோட்பாட்டுக்காக நாடகத்தையே விடப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். எல்லார் முன்னாலும் கேட்டாள்: "ஏன் மிஸஸ் சேனாபதி, எங்களை விட்டுட்டுப் போறீங்க?" எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நேரே மிரியத்தின் அறைக்குப் போனேன்.

நீங்கள் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, நான் மவுரி அவென்யூவில் மளிகை வாங்கப் போயிருந்தபோது, பட்டியலை அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று அவர் நம் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். "ஜூன்ல நாங்க எல்லாரும் டல்லாஸுக்கு மூவ் பண்றோம், அவ அடுத்த வருஷம் இருக்க மாட்டா" என்றீர்களாம். சொல்லிவிட்டு, நான் வாங்கி வந்த முருங்கைக்காயில் சாம்பார் வைக்கச் சொல்லி, ரசித்துச் சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டீர்கள். என்னிடம் மூச்சுவிடவில்லை.

மிரியத்தையும் நான் சும்மா விடவில்லை. "உங்க ஹஸ்பெண்ட் சொன்னாரேன்னு நம்பிட்டேன்" என்றார். "உங்க ஹஸ்பெண்ட் போன்ல சொன்னா நாளைக்கு உங்க நாற்காலிய எடுத்துடுவாங்களா?" என்று கேட்டேன். முகம் சிவந்துபோய் மன்னிப்புக் கேட்டார்.

உங்களைக் கேட்கிறேன். விருப்பம் என்றால் வேண்டாதது என்று உங்களுக்கு யார் சொன்னது? பிள்ளைகளுக்குக் கட்டாயப் பாடம் ஆயிரம் இருக்கிறது. விரும்பி எடுப்பது ஒன்றிரண்டுதான். எனக்கு இருந்ததும் அந்த ஒன்றுதான். அதைப் போனில், இரண்டு வாக்கியத்தில் அழித்துவிட்டீர்கள்.

மணி


ரிச்சர்ட்சன்,
30 மார்ச் 1998

மணி,

கல்யாணமான நாளிலிருந்து உன்னை ஒரு சொல் கடிந்து பேசியிருப்பேனா? வேலைக்குப் போகாதே என்று சொல்லியிருப்பேனா? குடும்பம் ஒரே ஊரில் இருக்கவேண்டும் என்று நினைத்தது கொலைக்குற்றமா? வேலை உறுதியான சந்தோஷத்தில் அந்த அம்மாளிடம் சொன்னேன். உன்னிடம் சொன்னால் அழுவாய், ஜூன் நெருங்கட்டும் என்று விட்டேன். ரோஷினிக்கு அப்பா வேண்டாமா?

நீயும் அந்தப் பள்ளிக்கூடத்தில் மேஜையைத் தட்டக் கற்றுக்கொண்டுவிட்டாய். இங்கே இல்லாத பள்ளிக்கூடமா? சாமான் ஏற்ற ட்ரக்குக்குச் சொல்லியாகிவிட்டது.

சேனாபதி


ஃப்ரீமான்ட்,
5 ஏப்ரல் 1998

மாமா,

ஆமாம், மேஜையைத்தான் தட்டுகிறேன். பெங்களூர் போனோம், நியூ ஜெர்சி போனோம், ஃப்ரீமான்ட் வந்தோம். ஒவ்வொரு தடவையும் டிக்கெட் வந்த பிறகுதான் எனக்கு ஊர்ப் பெயரே தெரியும். போன இடமெல்லாம் நல்ல இடமாகவே இருந்திருக்கலாம். ஆனால் கடிந்து பேசாதது வேறு, கேட்பது வேறு. நீங்கள் கேட்டதே இல்லை.

ரோஷினிக்கு அப்பா வேண்டும். எனக்கும் நீங்கள் வேண்டும். எழுதும்போதே அழுகை வருகிறது. அதனால் கோபம் ஆறிவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

மிரியம் பட்டியலைத் திருத்தி ஒட்டிவிட்டார். நோவாதான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். நான் ஜூனில் வரவில்லை, ட்ரக்கை நிறுத்துங்கள். நான் சொல்வது தப்பு என்றால் தப்பு என்று எழுதுங்கள், பதிலுக்கு நானும் எழுதுகிறேன். ஆனால் எதுவானாலும் என்னிடம் பேசுங்கள்.

வசந்தாமணி


ரிச்சர்ட்சன்,
27 ஏப்ரல் 1998

மணி,

இத்தனை நாள் எழுதாதது கோபத்தால்தான். போனிலும் ரோஷினியோடு நிறுத்திக்கொண்டேன். அவளோ "அம்மா இஸ் ரைட், டாட்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். ட்ரக்கை அன்றைக்கே நிறுத்திவிட்டேன். அதைச் சொல்லவும் வீம்பு விடவில்லை.

நேற்று அபார்ட்மென்ட் ஆபீசில் இருக்கும் பெண், உங்கள் மனைவி எப்போது வருகிறார் என்று கேட்டாள். ஜூன் என்று வாய்வரை வந்துவிட்டது. தெரியவில்லை என்றேன். காரில் ஏறியதும் ஒன்று நினைவுக்கு வந்தது. பெண் பார்க்க வந்த அன்றுகூட உன் அப்பாவிடம்தான் சம்மதம் கேட்டேன். நீ உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாய்.

இப்போது கேட்கிறேன். டல்லாஸுக்கு வருகிறாயா, மணி?

சேனாபதி


ஃப்ரீமான்ட்,
2 மே 1998

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் வந்தது. நீங்கள் கேட்டதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

இந்த வருடம் வரமாட்டேன். அடுத்த வருடம் மறுபடியும் கேளுங்கள்.

உங்கள்
மணி