கடவுளுக்கு அப்பா போட்ட மார்க்கு

திருக்கழுக்குன்றம்
12.8.2003

சிரஞ்சீவி பத்ரிக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே அப்பா உட்பட எல்லோரும் சௌக்கியம். அது என்ன உட்பட என்று கேட்பாய், சொல்கிறேன், கோபப்படாமல் படி. போன வாரம் மெட்ராஸில் அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் ஆயிற்று. நன்றாக இருக்கிறார், இட்லிக்குச் சட்னி போதவில்லை என்று சண்டை போடுகிறார். முன்னாலேயே சொன்னால் நீ லீவு போட்டுவிட்டு ஓடிவருவாய் என்றுதான் மறைத்தோம்.

ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளாமல் அவர் படுத்தின பாட்டில் பாதி வினை நீ அனுப்பிய புஸ்தகம். கடவுள் இருக்கிறாரா என்று விஞ்ஞானத்தாலும் நிகழ்தகவாலும் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம் என்று எழுதியிருக்கிறானாமே ஒருத்தன், அதைப் போய் ரிடையரான கணக்கு வாத்தியார் கையில் கொடுக்கலாமா? சுவாமிக்கு ஐம்பது மார்க்கில் ஆரம்பித்தார். நம் மலைக்கோயிலுக்குப் பிரசாதம் சாப்பிடக் கழுகு வருவது நின்றுபோச்சே என்று பத்தைக் குறைத்தார். உன் தங்கை ஹம்சினிக்குப் பொத்தேரி காலேஜில் வேலை கிடைத்ததும் ஐந்து கூட்டினார். கரண்ட் போனால் அதற்கும் சுவாமிக்குத்தான் வெட்டு. டாக்டர், பைபாஸ் பண்ணிக்கொண்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் பிழைத்துவிடுகிறார்கள் என்றதும், பாக்கி அஞ்சு பேரும் கணக்கு வாத்தியாரா இருந்தா என்ன பண்ணுவேள் என்று அவரையே மடக்கிவிட்டு, ஆபரேஷனே வேண்டாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டார். வாசல் வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது, ஆனாலும் பிடிவாதம். எனக்குச் சாதம் இறங்கவில்லை.

கடைசியில் அம்பாள் சன்னதியில் பூ கட்டிப் பார்ப்போம் என்றேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், எடுப்பதில் வெள்ளை வந்தால் ஆபரேஷன், சிவப்பு வந்தால் வேண்டாம். சரி, இதுவும் ஒரு ஆதாரம்தான் என்று ஒத்துக்கொண்டார். பாலசுப்ரமணிய குருக்கள் எடுத்தார், வெள்ளை. ஒரு தடவை வந்ததெல்லாம் செல்லாது, மறுபடி எடுங்கோ என்றார் அப்பா. நான் மறுபடி கட்டிக் கொடுத்தேன், மறுபடியும் வெள்ளை. குருக்களுக்கு மெய்சிலிர்த்துப்போயிற்று. அப்பா சுவாமிக்கு எண்பது போட்டுவிட்டு மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை நந்தியாவட்டையைத்தான் வைத்துக் கட்டினேன். அம்பாளிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது.

ஆபரேஷனுக்கு உள்ளே அழைத்துப்போகும்போது அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்து, அந்த இன்னொரு பொட்டலத்தை நான் அன்னிக்கே பிரிச்சுப் பார்த்துட்டேன் சாவித்ரி என்றார். எனக்கு முகம் செத்துப்போயிற்று. தெரிஞ்சுண்டேவா ஒத்துண்டேள் என்றேன். என்னைவிட நீதான் ஜாஸ்தியா பயந்துண்டிருக்கேன்னு தெரிஞ்சுது, அதான் என்றார். அவர் வெளியே வருகிற வரைக்கும் அழுதுகொண்டே இருந்தேன் பத்ரி.

வேளைக்குச் சாப்பிடு, அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன் பண்ணு, ஆபரேஷனை மறைத்ததற்காக அப்பாவைத் திட்டாதே. பூ விஷயம் குருக்கள் காதுக்குப் போகக் கூடாது, பாவம், வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துக்கொண்டிருக்கிறார். அம்பாள் உன்னை நன்றாக வைத்திருப்பாள்.

இப்படிக்கு உன் அம்மா,
சாவித்ரி