கரைப் பக்கம் உட்கார்ந்தவளுக்கு

காலையில் தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் நெடி. மறுபடி ஏதோ காய்ச்சலாம். வயதானவர்கள் வெளியே வர வேண்டாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். நீ இருந்திருந்தால், “இது இன்னிக்கி சேதியா, நாளிக்கி மாத்திடுவீங்களா?” என்று ஆட்டோக்காரனையே நிறுத்திக் கேட்டிருப்பாய்.

கொரோனா வந்தபோது நம் இருவருக்குமே அறுபது தாண்டியிருந்தது. நம்முடையது கோர்வைத் தறி. புடவையின் உடலை நான் நெய்ய, என் வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாவை நீ தள்ள வேண்டும். ஒருத்தி எழுந்தாலும் வேலை நின்றுவிடும். வீட்டுக்குள் தறி ஓட்டலாம் என்று ஓர் அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். அடுத்து வந்தவர், வேறு வேறு வீட்டுப் பெரியவர்கள் ஆறடி தள்ளித்தான் உட்கார வேண்டும் என்றார். “அப்ப கரையைப் போன்ல போடட்டுமா சார்?” என்றாய். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நம் புத்தி எங்கே போகும்? நடுவில் ஒரு பழைய வேட்டியைத் திரையாகக் கட்டினோம். முகம் தெரியாது, மூச்சு படாது. ஆனால் திரைக்குக் கீழே நீ தள்ளும் நாடாவை நான் பிடித்துத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் கையும் ஒரே நாடாவில்தான். அதை நாம் கவனிக்கவே பல நாள் ஆனது. நீ சிரித்த சிரிப்பில் வேட்டி அவிழ்ந்து விழுந்தது.

பிறகு, பெரியவர்களைத் தனியாக விடாதீர்கள், பேச்சுக் கொடுங்கள் என்றார்கள். கொஞ்ச நாளில், பெரியவர்கள் யாரோடும் சேராமல் தனியாக இருங்கள் என்றார்கள். அவர்கள் முதலில் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். கிண்டலெல்லாம் செய்வாயே தவிர, நீ எப்போதும் கடைசியாக வந்ததைத்தான் நம்புவாய். “யோசிச்சித்தானே மாத்திக்கினு இருக்காங்க” என்று கதவைச் சாத்திக்கொண்டாய். சென்னையிலிருந்து உன் மகனும் அதையே சொன்னான். எதிரே என் ஜன்னலில் நின்று கூப்பிட்டால், “உள்ள போடி, எல்லாம் முடியட்டும், பேசலாம்” என்று கை காட்டினாய்.

ஒரு நாள் காலை உன் கதவு திறக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டிருந்தாய். பரிசோதனை செய்து பார்த்தார்கள். அந்த நோய் உனக்கு இல்லவே இல்லை. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத அழுகை. வயதானவள் என்று என்னை என் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் புடவையை வேறொருத்தி வந்து முடித்துக் கொடுத்தாள். இப்போது நான் கோர்வை எடுப்பதில்லை. ஒரே ஆள் நெய்கிற புடவையாகக் கேட்டு வாங்கி நெய்கிறேன். தறியில் உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை வாய் திறப்பதில்லை.

ஆட்டோ போன பிறகு சுகாதார நிலையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். “வெளிய எங்கயும் போவாதீங்கம்மா. ஆனா தனியாவும் இருக்காதீங்க” என்றாள், ஒரே மூச்சில். பிறகு, “பேச்சுத் துணைக்கு யாராச்சும் இருக்காங்களாம்மா?” என்று கேட்டாள்.

“இருக்கா, எதிர்வீட்ல” என்றேன்.

அவள் திரும்பி உன் வீட்டைப் பார்த்தாள். பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு கையிலிருந்த நோட்டில் குறித்துக்கொண்டாள். நான் மாற்றிச் சொல்லவில்லை.