எல்லோருக்கும் ஒரே எண்

மார்ச் 3
எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு எதற்கு நாட்குறிப்பு என்று கேட்டவள் என் வீட்டுக்காரி. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவளும் அவள்தான். இன்று மூன்றாவது பெட்டி வந்தது. உள்ளே என்ன என்று விற்கிறவன் சொல்லமாட்டான், தான் யாரென்றும் சொல்லமாட்டான். போனில் சிவப்புப் பெட்டிப் படம். தொட்டால் வீடு தேடி வரும். முதலில் ஒற்றைச் செருப்பு. அப்புறம் ஓடாத கடிகாரம். இன்று ரத்த அழுத்தம் பார்க்கிற மிஷின். இவளுக்கு வேண்டியதே அதுதான்.
(பெரிய புதையல் எடுத்தவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். இது நானே எழுதியது.)

மார்ச் 4
முப்பத்தொரு வருடம் லிஃப்ட் ஓட்டியவன். எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியும். இவள் கையில் பட்டையைச் சுற்றினேன். 124, 78. “உங்களுக்கும் பாருங்களேன்” என்றாள். எனக்கெதற்கு? கடைக்கு ஐந்து நட்சத்திரம் அழுத்தினேன். அதற்குப் படிப்பு வேண்டாம்.

மார்ச் 19
தினமும் 124, 78. எண் நன்றாக இருக்கிறதே, பிரஷர் மாத்திரை இனி எதற்கு என்று கடையில் கேட்டாளாம். “மாத்திரைய விட்டுடாதீங்கம்மா” என்றாராம் மருந்துக் கடைக்காரர். “அவருக்கு வியாபாரம் ஆகணும்ல” என்றேன். மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

ஏப்ரல் 2
124, 78. தலை கனக்கிறதாம். வெயில் என்றேன். கையெழுத்து கோணிப்போகிறது என்று அவளே சிரிக்கிறாள்.

ஏப்ரல் 11
இனி போனில் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது.
காலையில் இவள் கையிலிருந்து டம்ளர் நழுவியது. வலது பக்கம் மொத்தமும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது மேல் எண் 210. “மாத்திரைய யாருங்க நிறுத்தச் சொன்னது?” என்றார் டாக்டரம்மா.

ஏப்ரல் 16
பட்டையை மேஜைக் காலில் சுற்றினேன். 124, 78.
நாற்காலிக் கையில். 124, 78.
ஏன்டா, அஞ்சாவது மாடியில நின்னுக்கிட்டு ஏழுன்னு காட்டுற லிஃப்ட நீ பார்த்ததே இல்லையா? எட்டிப் பார்த்துட்டுத்தானே ஆளை இறக்குவ? இவளை மட்டும் எப்படிடா எண்ணை நம்பி இறக்கின?

ஏப்ரல் 20
எதிர்வீட்டுத் தையல்காரரிடம் போனை நீட்டினேன். அந்தக் கடையே இல்லையாம். அதே சிவப்புப் பெட்டி வேறு பேரில் இருக்கிறதாம். “யார் சட்டையைப் பிடிப்பீங்க பெரியவரே?”
என் சட்டையைத்தான்.

மே 5
வீட்டுக்கு வந்துவிட்டாள். பேச்சு வரவில்லை. இவள் விழுவதற்கு முன்பே சொல்லி வைத்திருந்த நான்காவது பெட்டி இன்று வந்து சேர்ந்தது. பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.
இடது கையால் அதையே காட்டிக்கொண்டிருக்கிறாள். உள்ளே என்ன என்று தெரிய வேண்டுமாம்.