மாப்பிள்ளை ஓட்டிய வண்டி

புரட்டாசி 25, புதன்

காலையில் தூறல், பிறகு நல்ல வெயில். டிஸ்பென்சரியில் கூட்டம் இல்லை. பண்டிகைக்கு மறுநாள் யாருக்கும் உடம்புக்கு வராது. நாளைக்கு வருவார்கள், சுண்டல் தன் வேலையைக் காட்டிய பிறகு.

நேற்று ஆயுத பூஜை. காலையில் வண்டிக்குப் பூசை, சாயங்காலம் வண்டி புளியமரத்தில். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரன் கேட்பான், மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

நான் திருமழிசையில், ஒரு பிரசவ வீட்டில். விடியற்காலையில் என்னை அங்கே இறக்கிவிட்டு டிரைவர் காதர் பாய் பூந்தமல்லிக்குத் திரும்பினார். அவரே வண்டியைக் கழுவி, முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை சுற்றினார். சந்தனம் குங்குமம் மட்டும் கம்பவுண்டர். சோறு போடுகிற வண்டிக்குச் செய்வதில் என்ன இருக்கிறது என்பார் பாய், வருஷா வருஷம். சாயங்காலம் என்னை அழைத்துவர அந்த அலங்காரத்தோடு தனியாக வந்திருக்கிறார். ஊருக்கு முன்னால் எருமைக் கூட்டம். ஒடித்தார். எருமைகள் பிழைத்தன.

பாய்க்கு நெற்றியில் தையல், நானே போட்டேன். வண்டியின் மூஞ்சி அப்பளம். ரேடியேட்டர் முழுக்கப் போயிற்று.

"எருமைங்கள பாத்து ஒடிச்சேம்மா. ஒடிக்காம உட்டிருந்தா வண்டிக்கு இவ்ளோ ஆயிருக்காது" என்று அழாத குறை.

"எருமைக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது பாய்" என்றேன். அப்புறம்தான் சிரித்தார்.

செய்ய வேண்டியது: கம்பெனிக்குக் கடிதம். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க. வண்டியை ஷெட்டுக்கு இழுக்க மாடு. டிஞ்சர் வாங்க.

புரட்டாசி 29, ஞாயிறு

ஜட்காவில் திருவேற்காடு. குதிரைக்கு என்னைவிட வயது அதிகம் போல. இடுப்பு கழன்றுவிட்டது.

கன்னியம்மாவைப் பார்த்தேன். கார்த்திகை பிறந்ததும் எதிர்பார்க்கலாம். குழந்தை நன்றாக இருக்கிறது. ஆனால் அவள் இடுப்பெலும்புக் குறுகல் அப்படியேதானே இருக்கும். இந்தப் பெண்ணுக்கு வீட்டில் பிரசவம் ஆகாது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கத்தி வைத்துத்தான் எடுக்க வேண்டும். முதல் குழந்தை வீட்டிலேயே போனது. இரண்டாவது, மாட்டு வண்டியில் பட்டணம் போகிற வழியில். அது நான் இந்த ஊருக்கு வருவதற்கு முன்.

பூந்தமல்லியில் என் வீட்டில் வந்து இரு என்றேன், இந்த முறையும். "பசு கன்னு போட்டுகீது டாக்டரம்மா. மாமியாருக்குக் கண்ணு தெரியாது. நான் வந்துட்டா யாரு பாப்பாங்க?" பிறகு மெதுவாக, "உங்க வண்டி வரும்ல?"

வரும் என்றேன். வாயில் வந்துவிட்டது. இனி வந்தே ஆக வேண்டும்.

ஐப்பசி 2, வியாழன்

மழை. நான் மேனாம்பேட்டுக்கு ஒரு கேஸ் பார்க்கப் போயிருந்தபோது சேதம் மதிப்பிடுகிற கம்பெனி சர்வேயர் வந்து போயிருக்கிறார். ஷெட்டு மேஸ்திரி சொன்னார்: வைத்தியநாதன் என்று பெயர், தஞ்சாவூர்ப் பக்கம், குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாராம். காய்ந்த வாழைக்கன்றையும் மாலையையும் பார்த்து முகத்தைச் சுருக்கினாராம். (ஏன் கழற்றவில்லை என்று மேஸ்திரியைக் கேட்டேன். கம்பெனிக்காரன் பார்க்கிறவரை எதையும் தொடக் கூடாது என்று நான்தான் சொன்னேனாம். சொன்னேன்தான்.) அப்புறம் புளியமரத்தடிக்குப் போய், அங்கே இளநீர் விற்கும் முனுசாமியிடம் விசாரித்து எழுதிக்கொண்டாராம்.

கம்பெனி ஒப்புக்கொண்டால்தான் ரேடியேட்டருக்குச் சொல்ல முடியும். சண்டைக் காலம். ஆவடிக்குப் போகிற மிலிடெரி லாரிகளுக்கே சாமான் இல்லை என்கிறார் மேஸ்திரி.

இரண்டு அம்மைக் கேஸ். கம்பவுண்டருக்கு ஜலதோஷம், எனக்கும் வரும்.

ஐப்பசி 8, புதன்

கம்பெனியிலிருந்து கடிதம். எடுத்த எடுப்பிலேயே 'அன்புள்ள ஐயா'. பாலிசியில் என் பெயருக்கு முன்னால் செல்வி என்று இருக்கிறது. போகட்டும்.

சாரம் இது. மேற்படி மோட்டார் சொந்த உபயோகத்துக்கு மட்டும் இன்ஷூர் செய்யப்பட்டது. விபத்தின்போது அது அலங்கரிக்கப்பட்டு, கல்யாணத்துக்கு வாடகைக்கு ஓடியது. நேரில் கண்ட சாட்சி சொன்னபடி, வண்டியில் மாப்பிள்ளை இருந்தார். லைசென்ஸ் இல்லாத அந்த மாப்பிள்ளையே ஓட்டியதாகவும் தெரிகிறது. ஆகவே கிளெயிம் நிராகரிப்பு. பாலிசியும் ரத்து.

மூன்று முறை படித்தேன். எந்த மாப்பிள்ளை? யாருக்குக் கல்யாணம்? பாய் எனக்குத் தெரியாமல் யாரையாவது ஏற்றிக்கொண்டு போனாரோ என்று ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன். பாவி நான். கூப்பிட்டுக் கேட்டேன்.

"வண்டியில மாப்பிள்ளை இருந்தாராமே, யாரு பாய்?"

அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "நான்தாம்மா."

அட ராமா. பூந்தமல்லிக்கே தெரிந்த சங்கதி எனக்கு உறைக்கவில்லை. பாய் ஆற்காட்டிலிருந்து இந்த ஊர் மசூதித் தெருவுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். அந்தத் தெரு 'மாப்ள' என்றது, பிறகு கடைத்தெரு, பிறகு ஊரே. தன் பெண்களையே கட்டிக் கொடுத்தாயிற்று, இன்னும் மாப்ளதான். இந்து, முஸ்லிம், சின்னவர், பெரியவர் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். காதர் பாய் என்பவள் நான் ஒருத்திதான். கல்யாணம் ஆகாத பொம்பளை ஒரு ஆம்பளையைப் பார்த்து மாப்ளே என்று கூப்பிட்டால் இந்த ஊர் சும்மா இருக்குமா? எனக்கு வாயும் வராது.

முனுசாமி சொன்னது இவ்வளவுதானாம்: "மாப்ள ஓட்டிகினு வந்தாரு சார். பூவும் மாலையுமா வண்டி கல்யாண வண்டி கணக்கா ஜோரா இருந்துச்சு." தஞ்சாவூர்க் காதில் அது கல்யாணமாகவே விழுந்துவிட்டது.

நான் சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை. "என் பேரால தானேம்மா இப்டி ஆச்சு. இனிமே காயிதத்துல என் பேரு சரியா இருந்தா தான் ஸ்டீரிங்ல கை வைப்பேன்." நெற்றித் தையல் பிரித்த இடத்தைத் தடவிக்கொண்டே போனார்.

ஐப்பசி 9, வியாழன்

கரி அடுப்பில் ஓடுகிற பஸ்ஸில் பட்டணம். குமணன்சாவடி தாண்டி நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி அடுப்பைக் குத்தினார், நாங்கள் எல்லாரும் இறங்கி அவரைப் பார்த்தோம். என் வெள்ளைப் புடைவை திரும்பி வரும்போது சாம்பல் நிறம்.

கம்பெனி ஆபீஸ், கோட்டைப் பக்கம், மாடியில். கிளார்க்கு நல்ல பையன்தான். டாக்டர் எங்கே என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். மாப்பிள்ளை என்பது டிரைவரின் பட்டப் பெயர் என்றேன். "சரிங்க, அப்ப கல்யாணம் யாருக்குங்க?" கல்யாணமே இல்லை என்றேன். "கல்யாணம் இல்லாம மாப்பிள்ளை எப்படிங்க?"

கோபம் வந்தது. கூஜாத் தண்ணீரைக் குடித்து அடக்கிக்கொண்டேன். மறுபடி எழுதிக் கொடுத்தேன். சர்வேயரை மறுபடி அனுப்புவார்களாம். தீபாவளிக்கு அப்புறம்.

தீபாவளிக்கு அப்புறம் என்றால் கன்னியம்மாவுக்கு நாள் நெருங்கிவிடும். ரேடியேட்டர் வேறு வர வேண்டும். பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஐப்பசி 13, திங்கள்

தீபாவளி. பட்டாசு அதிகம் இல்லை, சண்டை புண்ணியம். கை சுட்டுக்கொண்டு ஒருவர்தான் வந்தார், அதுவும் அதிரசம் சுட்டபோது.

பாய் வீட்டுக்குத் தட்டு அனுப்பினேன். பதிலுக்கு ரம்ஜானுக்குத்தான் தருவோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் அவர் மனைவி. பாக்கி வைக்கிற குடும்பம் இல்லை.

வண்டி இல்லாமல் பாய் டிஸ்பென்சரியில் பெஞ்சு துடைக்கிறார். பார்க்கச் சகிக்கவில்லை.

ஐப்பசி 16, வியாழன்

வெயில். வைத்தியநாதன் வந்தார். குடை, மூக்குக்கண்ணாடி, மரியாதை. "டாக்டர் பெண்மணின்னு ஆபீஸ்ல ஒருத்தரும் சொல்லலியே, மன்னிக்கணும்." எனக்கு அவரைப் பிடித்துத்தான் போயிற்று. ஆனால் பிடிவாதம்.

"எங்க பக்கம் மாப்பிள்ளைன்னா தாலி கட்டறவன், இல்லேன்னா பொண்ணைக் கட்டினவன். வேலைக்காரனை எப்படி மாப்பிள்ளைம்பா?"

நான் வாதாடவில்லை. கடைத்தெருவுக்கு அழைத்துப் போனேன். நீங்களே ஒரு தரம் கூப்பிட்டுப் பாருங்கள் என்றேன். கூச்சப்பட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாப்பிள்ளை!" என்றார், பந்தியில் கூப்பிடுகிற மாதிரி.

ஒருவரும் திரும்பவில்லை.

கறிக்கடை உசேன் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்டி கூப்டா யாரு சார் வருவாங்க? மாப்ளேன்னு கூப்டுங்க." சர்வேயர் "மாப்ளே!" என்றார். உடனே நான்கு பேர் திரும்பினார்கள். டீக்கடையிலிருந்து ஒருவர் எழுந்தே வந்துவிட்டார். அங்கே சிநேகிதனுக்குச் சிநேகிதன் மாப்ளதான்.

வைத்தியநாதன் மிரண்டுபோனார். "இத்தனை பேரா! நான் விசாரிக்கறது மோட்டார் ஓட்டற மாப்பிள்ளையை."

"அத்த சொல்லு சார். டாக்டரம்மா ஊட்டு மாப்ள! தோ, பின்னால நிக்கிறாரே" என்றார் உசேன்.

சர்வேயர் என்னைப் பார்த்தார். மெதுவாக, ரொம்ப மரியாதையாக, "உங்களுக்குப் பெண் இருக்கிறதா பாலிசியில இல்லையே?"

டீக்கடை முழுக்கச் சிரித்தது. நான் சிவந்துபோனேன், இந்த வயதில். பாய்தான் முன்னால் வந்தார், கையைக் கட்டிக்கொண்டு. "நான்தாங்க சார். அப்துல் காதரு. ஊர்ல மாப்ள. அன்னைக்கு வண்டிக்குப் பூசைங்க. அதுல நான் மட்டும்தான் வந்தேன்."

லைசென்ஸைக் காட்டினார். நெற்றித் தழும்பையும். வைத்தியநாதன் ரொம்ப நேரம் எழுதினார். போகும்போது பாயிடம், "வரேன் மாப்பிள்ளை" என்றார். ஒரு மாதிரி பிரியமாகவே.

ஐப்பசி 22, புதன்

விடாத மழை. கம்பெனி ஒப்புக்கொண்டது! கிளெயிம் உண்டு. ரத்தான பாலிசிக்குப் பதில் புதியது அனுப்புவார்களாம், பிரீமியம் கூடுதல். வாழைக்கன்றுக்கு அபராதம் என்று வைத்துக்கொள்கிறேன். மேஸ்திரி பழைய வண்டி ஒன்றிலிருந்து ரேடியேட்டர் கழற்றி முன்பே ஒளித்து வைத்திருந்தாராம். கள்ளன்.

திருவேற்காட்டிலிருந்து கன்னியம்மாவின் புருஷன் ஏழுமலை வந்தான். அவள் கால் வீங்குகிறதாம். உப்பைக் குறைக்கச் சொன்னேன். எந்நேரமானாலும் ஓடி வா என்றேன்.

ஐப்பசி 26, ஞாயிறு

வண்டி வந்தது! மூஞ்சி கொஞ்சம் கோணல், எனக்கு அழகாகத்தான் தெரிகிறது. பாய் கழுவித் துடைத்து நிறுத்தினார். ஓட்டவில்லை. புதுக் காகிதம் வரட்டும் என்கிறார். ஷெட்டிலிருந்து மேஸ்திரிதான் ஓட்டி வந்தார். வீம்பு என்று சொல்லலாம். எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அந்த மரத்தில் மோதியது அவர்தானே.

ஐப்பசி 27, திங்கள்

பட்டணம், பெரிய ஆஸ்பத்திரி, வெளி வராந்தா. பையில் நோட்டு இருந்தது, எழுதுகிறேன். சும்மா உட்கார முடியவில்லை.

பதினொரு மணித் தபாலில் புதுப் பாலிசி. பாய் பக்கத்தில் நின்றார். படித்துச் சொன்னேன். சொந்த உபயோகம், சரி. என் பெயர், செல்வி, சரி. வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட ஒரே நபர்: ஸ்ரீமான் மாப்பிள்ளை.

வைத்தியநாதனே, நீர் நன்றாக இரும்.

பாய் முகம் விழுந்துவிட்டது. "என் பேரு இல்லியா?" இல்லை, அவருடைய பெயர்தான், ஆனால் இல்லை. கடிதம் போட்டுத் திருத்த வேண்டும், எத்தனை வாரமோ என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சைக்கிளில் ஏழுமலை. நனைந்து, மூச்சு வாங்கி. "வலி கண்டுடுச்சு டாக்டரம்மா. பனிக்குடம் ஒடஞ்சிச்சு."

பையை எடுத்தேன். பாய் வண்டிக் கதவைத் திறந்துவிட்டு நின்றார். முன்னால் ஏறவில்லை. "அம்மா, மேஸ்திரிய கூப்டவா? காயிதத்துல நான் இல்லியே. மறுபடியும் எங்கியாச்சும் முட்டிட்டா கம்பெனிக்காரன் உங்கள கைவுட்ருவான்." கை கதவை விடவில்லை. காகிதத்துக்குப் பயப்படுகிற கை இல்லை அது, புளியமரத்துக்குப் பயப்படுகிற கை. மேஸ்திரி எங்கே இருக்கிறார் என்று தேடவே நேரமில்லை. தவிர, கன்னியம்மாவைக் குலுங்காமல் கொண்டு போக அவரைவிட்டால் ஆள் யார்?

டிஸ்பென்சரி வாசலில் நின்றுகொண்டு, கடைத்தெரு முழுக்கக் கேட்க, என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூப்பிட்டேன்.

"மாப்ளே! காயிதத்துல இருக்கிறது நீங்கதான். வண்டிய எடுங்க!"

உசேன் கத்தியை அப்படியே வைத்துவிட்டுப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. பாய் என்னை ஒரு தரம் பார்த்தார், தலையை ஆட்டினார், ஏறினார்.

திருவேற்காட்டில் கூவம் ஓரம் சேறு. கன்னியம்மாவைப் பின்சீட்டில் என் மடியில் படுக்க வைத்தேன். "வண்டி வந்துடுச்சு" என்று மட்டும் சொன்னாள். வழி முழுக்க ஒரு குழியில்கூட இறங்கவில்லை வண்டி. வழியில் இரண்டு இடத்தில் மாடு. நிதானமாக நிறுத்தி, போகவிட்டு எடுத்தார்.

உள்ளே கொண்டுபோய் ரொம்ப நேரம் ஆகிறது. ஏழுமலை சுவரோடு ஒட்டி நிற்கிறான். நர்ஸ் வந்து ஆள் கணக்கு எழுதினாள். பாயைக் காட்டி, இவர் யார் என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஏழுமலை, "எங்க மாப்ளங்க" என்றான். அவளும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டாள். திருத்தவில்லை நான்.

மழை விட்டிருக்கிறது. பாய் கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைக்கிறார். நானும்தான், வேறு பெயர் சொல்லி.

உள்ளே அழுகை. கன்னியம்மா குரல் இல்லை. சின்னக் குரல். போகிறேன்.