குயிநோன் கடற்கரையிலிருந்து இணைச்சீருக்கு

குயிநோன், வியட்நாம்

அன்புள்ள தம்பி செல்வக்குமாருக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அம்மாவும் நன்றாகத்தான் இருப்பீர்கள், கல்யாண வீட்டில் யாருக்கும் உடம்புக்கு வர நேரம் இருக்காது. போனில் பேசினால் பாதியில் நீ அம்மாவிடம் கொடுத்துவிடுவாய். அம்மா அழுவாள். நான் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். அதனால்தான் கடிதம். திருப்பூருக்கே, உன் கம்பெனி முகவரிக்குக் கூரியர் போடுகிறேன்.

இது கடலோரத்து ஊர். விடியும் முன்பே பாதி ஊர் கடலில் இறங்கிவிடுகிறது. வயதானவர்கள், பேங்க் வேலைக்காரர்கள், மீன் விற்கும் பெண்கள் எல்லோரும் ஒன்றாகக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வேலைக்குப் போகிறார்கள். மீனவர்களின் படகு வட்டமாக, மூங்கிலில் முடைந்தது. நம் களத்துக் கூடையைத் தண்ணீரில் விட்டு அதில் ஆள் ஏறி உட்கார்ந்தது போல இருக்கும். முதலில் கரையில் நின்று வேடிக்கை பார்த்தேன். அப்புறம் ஒரு நாள் சுடிதாரோடு இறங்கிவிட்டேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இத்தனை மாதத்தில் நாலே நாடுதானா என்று கேட்டாய். நான் அப்படித்தான் போகிறேன். பஸ், ரயில், அதிலும் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ரயில். டீக்கடைக்காரி என் முகத்தைக் கண்டதும் அடுப்பில் பாலை வைக்கும் வரை ஓர் ஊரை விடுவதில்லை. பினாங்கில் நம் தமிழ் கேட்டது, ஆனால் காபி வேறு மாதிரி. கம்போடியாவில் கம்போட் என்ற ஊரில் மழை பிடித்துக்கொண்டது, மிளகு வாசத்தோடு ஆற்றைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். பாங்காக் நடைபாதைக் கடையில் ஒரு டீ-ஷர்ட்டை உள்பக்கம் திருப்பித் தோள் தையலை இழுத்துப் பார்த்தேன். கடைக்காரி வந்து பிடுங்கிக்கொண்டாள். பழக்க தோஷம். இத்தனை வருஷம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தவளுக்கு நல்ல துணியைப் பார்த்தாலும் சந்தேகம்தான் வருகிறது.

துக்கத்தை மறக்க நான் ஊர் சுற்றுவதாக அங்கே பேச்சாம். துக்கம் கூடவேதான் வருகிறது, ஜன்னலோர சீட்டுக்கு மட்டும் என்னோடு சண்டை போடுவதில்லை. நான் வேலையை விட்டுக் கிளம்பிய காரணம் வேறு. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நம் சொந்தத்தில் நடந்த எல்லா விசேஷத்திலும் எனக்கு ஒரே வேலை. "பந்தியக் கவனிக்க நம்ம ஆளு ஒருத்தரு வேணுங் கண்ணு, நீ போய் நில்லு" என்று அம்மா அனுப்பிவிடுவாள். ரசம் போதுமா, அப்பளம் வந்ததா என்று விசாரித்துக்கொண்டே மேடையின் மேளச் சத்தத்தைக் கேட்பேன். முகூர்த்தத்தை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. விலகிப் போ என்று ஒருவரும் சொன்னதில்லை. நம் ஆட்கள் மரியாதைக்காரர்கள், 'ங்க' போட்டுத்தான் ஒதுக்குவார்கள்.

போன வாரம் நீ கூப்பிட்டு உன் கல்யாணத் தேதி சொன்னாய். ஆவணியில், வெள்ளகோவில் மண்டபத்தில். "அவசரப்பட்டு வராதீங்கக்கா, நல்லா சுத்திப் பாத்துட்டு மெதுவா வாங்க" என்றாய். தம்பிக்கு என் மேல் எவ்வளவு அக்கறை என்று அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். மறுநாள் பெரியம்மா மகள் கீர்த்தனா கூப்பிட்டாள். அவளுக்கு மனதில் கள்ளம் கிடையாது. "அக்கா, இணைச்சீருக்கு நா எந்தக் கலர்ல பட்டு கட்டட்டுங்க? நீங்க சொன்னாத்தான் நல்லாருக்கும்" என்று கேட்டாள். அவளை நிற்கச் சொன்னது எனக்கும் தெரியும் என்று நினைத்திருக்கிறாள். மயில்கழுத்துப் பச்சை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அப்புறம் கடற்கரை முழுக்க நடந்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

இணைச்சீர் என்றால் என்னவென்று நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது, சொல்கிறேன். தாலி கட்டும் முன், மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் கூறைப்புடவை வைத்த பேழையைத் தாங்கிக்கொண்டு அவன் பக்கத்தில் நிற்பாள். புடவையின் முனை அவன் கையில் இருக்கும். பெண்டாட்டி வந்தாலும் உன்னை விட்டுவிட மாட்டேன் என்று அவன் சபையறியச் சொல்கிற சீர் அது. கூடப் பிறந்தவள் இல்லாதவனுக்குத்தான் பெரியம்மா மகள் நிற்பாள். உனக்கு அக்கா இல்லையா?

நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் பெயர் ஹான். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. இந்த மாதம் மகனுக்குக் கல்யாணம் செய்தாள். மஞ்சள் பட்டில் நீள அங்கி உடுத்தி முன்னால் நின்று, மருமகளுக்குத் தன் கையாலேயே தோடு போட்டுவிட்டாள். இந்த ஊர் வழக்கம் எனக்கு முழுதாகத் தெரியாது, இங்கே வேறு என்னென்ன ஒதுக்கல் இருக்கிறதோ. சொர்க்கத்தைக் கண்டுவிட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் அன்று என்னையும் அவள் கையைப் பிடித்து இழுத்து முன்வரிசையில் நிறுத்தினாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு கல்யாணத்தை முழுசாகப் பார்த்தேன்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். இந்தத் தடவை ரயிலும் இல்லை, மெதுவும் இல்லை, கோயம்புத்தூருக்கே விமானம். கீர்த்தனாவிடம் பேசிவிட்டேன். "நீங்கதானுங்கக்கா நிக்கோணும், எங்கிட்ட யாரும் வெவரமாச் சொல்லலீங்க" என்று அழுதாள். அவளைத் திட்டாதே. பந்திக்கு வேறு ஆள் பார்த்துக்கொள். ஊர் என்ன சொல்லும் என்று அம்மா கேட்பாள், சொல்லிவிட்டுப் போகட்டும். உனக்கோ கல்யாணப் பெண் இந்துமதிக்கோ அபசகுனம் என்று பயமிருந்தால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். நான் ஊர் சுற்றுவதைச் சாக்காக வைக்காதே. இந்தக் கடிதத்தை அம்மாவுக்கும் படித்துக் காட்டு.

நீயும் இந்துமதியும் மனமொத்து, பிள்ளை குட்டிகளோடு நீண்ட நாள் வாழவேண்டும். என் வாய் வாழ்த்து பலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதே. சீர் செய்துவைக்கும் அருமைக்காரர், "மாப்பிள்ளையோட பொறந்தவ யாருங்க, முன்னால வாங்க" என்று கூப்பிடுவார். நான் மேடைக்குக் கீழேயே நிற்பேன். கூட்டம் என்னைப் பார்க்காது, உன் முகத்தைத்தான் பார்க்கும். அப்போது தலையைக் குனிந்துகொள்ளாதே, சாமி. எங்கக்கா என்று வாயைத் திறந்து சொல்லிவிடு.

உன்னோடு பிறந்தவள்,
தேவிப்பிரியா